கன்னியாகுமரி – திப்ருகர்: ஸ்லீப்பர் பெட்டியில் நான்கு நாட்கள்

முதல் நாள், இரவு, கொல்லம் தாண்டி

நாகர்கோவிலில் எங்கள் வீடு ரயில் நிலையத்துக்குப் பக்கம். பல வருடங்களாக ‘கன்னியாகுமரி – திப்ருகர்’ என்ற பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் பெயர் அரைமணி நேரத் தூரம். இரண்டாவது பெயர் எங்கோ தேசப்படத்தின் வலது மேல் மூலையில். பொங்கலுக்கு முன் அங்கே ஒரு தடவை போய் வந்துவிடுவது என்று இந்த வருடம் முடிவெடுத்தேன். முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கும், திறந்த அன்றே டிக்கெட் எடுத்தேன். ஸ்லீப்பர் வகுப்பு, சைடு லோயர். ஏசி பெட்டியில் ஜன்னலைத் திறக்க முடியாது. இந்தப் பயணத்தில் எனக்குக் காற்று வேண்டும்.

வண்டி நாகர்கோவிலிலும் நிற்கும். ஆனாலும் தண்டவாளம் முடிகிற இடத்திலிருந்தே புறப்பட வேண்டும் என்று கன்னியாகுமரிக்குப் போய் ஏறினேன். 1979இல்தான் இந்தப் பாதை வந்தது. அதற்கு முன் ரயிலைப் பார்க்காமலே வளர்ந்த கதையை அம்மா இன்றும் சொல்வார்.

விவேக் எக்ஸ்பிரஸ் 2011இல் ஓடத் தொடங்கியது. விவேகானந்தரின் 150ஆவது பிறந்த ஆண்டையொட்டி வைத்த பெயர். இந்தியாவில் ஒரே ரயிலாக இவ்வளவு தூரம் ஓடுவது வேறு இல்லை. ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 75 மணி நேரம். தமிழ்நாட்டில் புறப்பட்டு, கேரளத்தின் வழியே ஏறி, பாலக்காடு வழியாக மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து, பிறகுதான் வடக்கே திரும்புகிறது.

குழித்துறை ஆற்றுப் பாலத்தைக் கடந்த கொஞ்ச நேரத்தில் சூரியன் இறங்கியது. மணி ஆறே கால். இந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறேன், பின்னால் தேவைப்படும். பெட்டி பாதி காலியாக இருக்கிறது. புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். அம்மா கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்து டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

இரண்டாம் நாள், இரவு, விஜயவாடா தாண்டி

விடியற்காலையில் கண் விழித்தபோது பெட்டி வேறாக மாறியிருந்தது. ஆலுவாவில் கொஞ்சம் பேர், கோயம்புத்தூரில் ஏராளமானவர்கள் ஏறியிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் பைகள், பைகளுக்கு மேல் குக்கர், ஒரு டேபிள் ஃபேன். ஒருவர் புதுச் சைக்கிளின் முன்சக்கரத்தை மட்டும் அட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், மீதிச் சைக்கிள் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் கால்மாட்டில் ஒண்டிக்கொண்டார்கள். என் பெர்த்திலும் ஒருவர் சேலம் வரை உட்கார்ந்திருந்தார்.

என் தலைக்கு மேலே, சைடு அப்பரில், ஒரு பையன். இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஆறரை மணிக்கு இறங்கி வந்து என் எதிரே உட்கார்ந்தான்.

“சேச்சி, எவிடேக்கு?”

நல்ல மலையாளம். எங்கள் பக்கத்தில் மலையாளம் எல்லோருக்கும் பாதி தெரியும், அதனால் நானும் அதிலேயே பதில் சொன்னேன். திப்ருகர் என்றதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அவசானம் வரையோ?” கடைசி வரைக்குமா என்று கேட்கிறான். இந்தப் பெட்டியில் வேலைக்காகவோ வீட்டுக்காகவோ மருத்துவத்துக்காகவோ இல்லாமல் கடைசி வரை போகிற ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

பெரும்பாவூரில் பிளைவுட் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறான். ரப்பர் மரத்தை வேக வைத்து, இயந்திரத்தில் சுற்றி, காகிதம் மாதிரி உரித்தெடுக்கிற பிரிவு. ஊர் அசாமில் மாஜுலி. பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் தீவு. மாக் பிஹூவுக்குப் போகிறான். நம் பொங்கலை ஒட்டி வருகிற அதே அறுவடைத் திருநாள். முந்தைய இரவுக்கு உருகா என்று பெயர். வயலில் வைக்கோலால் குடில் கட்டி, எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டு, விடியற்காலையில் நெருப்பு மூட்டுவார்களாம். போகி என்று நான் சொன்னேன். அவன் ‘போகாலி’ என்றான். போகாலி பிஹூ என்றும் அதற்குப் பெயர் உண்டு. இரண்டு பேரும் ஒரு நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முந்திரிக்கொத்து டப்பா அப்போதுதான் திறந்தது.

காட்பாடியில் ஒரு வயதான வங்காளத் தம்பதி ஏறினார்கள். கையில் பெரிய எக்ஸ்ரே உறை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசியது இதுதான் முதல் தடவை. அந்த அம்மாவுக்கு ஒன்றரை மாதத்தில் கொஞ்சம் தமிழ் வந்திருக்கிறது. ‘தண்ணி’, ‘எவ்வளவு’, ‘நாளைக்கு வாங்க’. மூன்றாவது சொற்றொடரை எங்கே கற்றிருப்பார் என்று யோசித்தபோது மனது கனத்தது. கணவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அவர் கையை இவர் தட்டிக்கொடுத்தார்.

காட்பாடிக்குப் பிறகு நிலையப் பலகைகளில் தமிழ் போய்த் தெலுங்கு வந்தது. எனக்குப் பலகைகளைப் படிக்கப் பிடிக்கும். மஞ்சளில் கருப்பு எழுத்து, கீழே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்ற எண். நெல்லூரில் பெண்ணாறு. அப்புறம் நெல் வயல்கள், மறுபடி நெல் வயல்கள், ஓங்கோல்.

கிருஷ்ணாவைக் கடந்தபோது சூரியன் இறங்கியிருந்தது, வெளிச்சம் மட்டும் மிச்சம். என் ஜன்னல் மேற்கே பார்த்தது. பிரகாசம் அணையின் விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தன. அடுத்து கோதாவரி, ஆனால் அது இருட்டில்தான் வரும். அந்த ஆற்றைத் தவளேஸ்வரத்தில் அணை கட்டிப் பாசனத்துக்குத் திருப்பியவர் ஆர்தர் காட்டன். அதற்கு முன் 1830களில் நம் கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டியவரும் அவரே. திருச்சியில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முக்கொம்புக்குப் போவோம். அந்த நினைப்போடு தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு சேர்த்தது: கோதாவரி வந்தது. பாலத்தின் சத்தம் மாறியதும் பெட்டியில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். யார் யாரோ ஜன்னல் வழியே காசு எறிந்தார்கள். நானும் ஒரு ஐந்து ரூபாய்.

மூன்றாம் நாள், நள்ளிரவு, மால்டா

நேற்று நள்ளிரவுக்குப் பிறகு ஒரு உலுக்கலில் விழித்துக்கொண்டேன். விசாகப்பட்டினம். கொஞ்ச நேரம் கழித்து வண்டி நகர்ந்தபோது வந்த வழியே திரும்பிப் போவது மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கத்தில் பயந்துவிட்டேன். மேலிருந்து பையன் எட்டிப் பார்த்து, “பேடிக்கண்ட சேச்சி” என்றான். அங்கே என்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். நிலையத்துக்குள் வந்த பாதையிலேயே வெளியே போய்த்தான் வடக்கே திரும்ப வேண்டும். அவனுக்கு இது எட்டாவது பயணம்.

அந்தத் திருப்பத்தால் எனக்கு ஒரு லாபம். நேற்று வரை நிலப்பக்கம் பார்த்த என் ஜன்னல் இன்று கடல் பக்கம் பார்த்தது. விடியும்போது அந்த ஜன்னல் முழுக்கச் சிலிகா.

சிலிகா ஏரியைப் பற்றிப் படித்திருக்கிறேன். உப்பும் நன்னீரும் கலந்த பெரிய காயல், 1981இல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது, குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும். படித்தது எதுவும் அந்த அரைமணி நேரத்துக்குத் தயார் செய்யவில்லை. முதலில் வெறும் பனி. பிறகு பனிக்குள்ளேயே ஒரு கோடு, அதற்கு மேலே இளஞ்சிவப்பு, கீழேயும் அதே இளஞ்சிவப்பு. எது வானம் எது தண்ணீர் என்று பிரிப்பதற்கு ஒரு மீன்பிடி வலையின் கம்புகள்தான் உதவின. அப்புறம் தட்டையான ஒரு படகு, அதில் நின்றபடி ஒருவர் கழி ஊன்றிக்கொண்டிருந்தார். கரையோரம் கருப்பாகத் தெரிந்ததெல்லாம் பறவைகள் என்று அவை ஒரே நேரத்தில் எழுந்தபோது புரிந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். யாரும் மூடச் சொல்லவில்லை. எதிர் பெர்த்தில் இருந்த ஒடியாக்காரர் ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்பவர், என் பக்கமாக நகர்ந்து வந்து அவரும் பார்த்தார். வருடத்துக்கு ஒரு தடவை இதைப் பார்ப்பதாகச் சொன்னார். பாலுகானில் இறங்கிப் போய்விட்டார்.

ஒடிசா ஆறுகளின் நாடு. புவனேஸ்வருக்கும் கட்டக்குக்கும் நடுவிலேயே இரண்டு, கட்டக்கைத் தாண்டியதும் மகாநதி. முக்கால்வாசி மணல், நடுவே நீலமாக ஒரு நீரோட்டம். அதற்கப்பால் பிராமணி, பிறகு வைதரணி. பலகையில் ‘வைதரணி ரோடு’ என்று ஒரு நிலையப் பெயரைப் பார்த்ததும் சிலிர்த்தது. இறந்தவர்கள் கடக்கும் ஆறு என்று பாட்டி சொன்ன வைதரணி. இங்கே அதில் ஒரு பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் இருந்தன.

மதியத்துக்கு மேல் மேதினிப்பூர், விஷ்ணுபூர், பாங்குரா. மண் சிவந்துவிட்டது. பொரியும் கடுகெண்ணெயும் வெங்காயமும் கலந்து காகிதக் கூம்பில் தருகிற ஜால்மூரிக்காரர் வந்தார். வங்காள அம்மா எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்து, காசு கொடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். “காவ் மா.” சாப்பிடு மா என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இந்தச் செம்மண் வட்டாரத்திலிருந்தும் இதற்கு மேற்கே சோட்டா நாக்பூர் பீடபூமியிலிருந்தும்தான் 19ஆம் நூற்றாண்டில் அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோனார்கள். அதே காலத்தில் நம் மக்கள் இலங்கை மலையகத்துக்குப் போனார்கள். நான் போகிற வழி அசாமுக்குப் போனவர்களின் திசை. இன்று வேலை தேடிப் போகிறவர்களின் பாதை தெற்கே திரும்பியிருக்கிறது, கூட்டம் மட்டும் குறையவில்லை.

இதைப் பையனிடம் சொன்னேன். அவன் தன் கதையைச் சொன்னான். மாஜுலி ஒரு காலத்தில் 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்ததாம். ஆறு அரித்து அரித்து இப்போது அதில் பாதிகூட இல்லை. அவன் பிறந்த வீடு போய், பின்னால் தள்ளிக் கட்டிய வீடும் போய், இப்போது இருப்பது மூன்றாவது. “வயல் இருந்திருந்தால் நான் ஏன் சேச்சி இவ்வளவு தூரம் வரணும்?” கோபமாகக் கேட்கவில்லை. ஜால்மூரிக் கூம்பை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே கேட்டான். எங்கள் ஊர்க் கட்டட வேலையில், ஹோட்டலில், தினம் பார்க்கிற முகங்களை நினைத்துக்கொண்டேன். எந்த ஊர் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆசன்சோலில் இருட்டிவிட்டது.

பத்து மணிக்கு மேல் நடுப் பெர்த்துகள் எல்லாம் ஏறிவிட்டன, விளக்கும் அணைந்தது. தம்பதி மட்டும் பைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஊர் மால்டா. வண்டி மெதுவானது. பராக்கா. 1975இல் திறந்த அணை, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதன் மேலேயே ரயிலும் சாலையும். கீழே கங்கை. மதகு விளக்குகளின் வெளிச்சத்தில் நுரை மட்டும் தெரிந்தது. அந்த அம்மா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு கணவரின் மார்பில், சட்டைக்கு மேல், தையல் போட்ட இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

மால்டாவில் மகன் வந்திருந்தான். இறங்கும்போது அந்த அம்மா என்னைப் பார்த்து, “நாளைக்கு வாங்க” என்றார். வீட்டுக்கு வா என்ற பொருளில்.

நான்காம் நாள், இரவு, திப்ருகர்

நியூ ஜல்பாய்குரியில் எதுவும் தெரியவில்லை. பனி. டீ விற்கிறவரின் குரல் வந்து, அதற்குப் பிறகுதான் ஆள் வந்தார். ஒரு பக்கம் நேபாளம், இன்னொரு பக்கம் வங்கதேசம், நடுவே இருபது கிலோமீட்டர் சொச்சம் அகலமே உள்ள துண்டு நிலம். இதன் வழியாகத்தான் வடகிழக்குக்குப் போகும் ரயிலெல்லாம் போயாக வேண்டும்.

அசாமுக்குள் வந்ததும் பலகையில் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அதே வங்காள எழுத்து என்று நினைத்தேன். பையன் ஜன்னல் கண்ணாடியின் ஈரத்தில் விரலால் எழுதிக் காட்டினான். ‘ர’வுக்கு வங்காளத்தில் கீழே ஒரு புள்ளி. அசாமியில் புள்ளி கிடையாது, வயிற்றுக்குள் ஒரு கோடு. “இது எங்கள் ர.” அதைச் சொன்னபோது அவன் என்னை ‘பைதேவ்’ என்று கூப்பிட்டான். அக்கா. சேச்சி எப்போது போனது என்று அவனே கவனிக்கவில்லை.

பனி விலகியபோது வெளியே பார்த்தவள் பார்த்தபடியே இருந்துவிட்டேன். கமுகு. வீட்டுக்கு வீடு கமுகு மரம், அதில் வெற்றிலைக் கொடி ஏறியிருக்கிறது. பின்பக்கம் குளம், குளத்தோரம் வாழை, கொல்லையில் பலா. தென்னையை எடுத்துவிட்டால் இது எங்கள் மாவட்டத்துக் கல்குளம் பக்கம்தான். மூன்று நாட்களில் எத்தனை மண், எத்தனை பயிர் பார்த்தாயிற்று, இங்கே வந்தால் நம் வீட்டுக் கொல்லை. அவனுக்கும் அப்படித்தானாம். முதல் தடவை ஆலுவாவில் இறங்கிப் பேருந்தில் போகும்போது கமுகைப் பார்த்துத்தான் அழுகை நின்றது என்றான். பதினெட்டு வயதில்.

குவாஹாத்தி என்றால் பாக்குச் சந்தை என்று பொருள் சொல்கிறார்கள். ‘குவா’ பாக்கு, ‘ஹாட்’ சந்தை. அதற்குச் சற்று முன்தான் பிரம்மபுத்திராவைக் கடந்தோம். இது மழைக்காலம் இல்லை, ஆறு சுருங்கியிருக்கும் காலம். அப்படியும் பாலத்தில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. பையன் எழுந்து நின்றுவிட்டான். வீட்டை இரண்டு தடவை எடுத்துக்கொண்ட ஆறு. அவன் கும்பிட்டான்.

குவாஹாத்தியில் பாதிப் பெட்டி காலியானது. லாம்டிங்குக்குப் பிறகு காடும் மலையும், திமாபூரில் சில நிமிடங்கள் நாகாலாந்து, மறுபடி அசாம். திமாபூரை ஒட்டி வெளிச்சம் போய்விட்டது. கடிகாரத்தில் ஐந்துகூட ஆகவில்லை. அதே நேரத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் ஆறே காலைக் குறித்து வைத்தது இதற்குத்தான். நாடு முழுக்க ஒரே நேரம், சூரியன் அதைக் கேட்பதில்லை. தேயிலைத் தோட்டங்களில் இதற்காகவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்துக்கொள்கிறார்கள். ‘பாகான் டைம்’, தோட்ட நேரம் என்று பெயர்.

மரியானியில் பையன் இறங்கினான். இரவில் படகு கிடையாது. ஜோர்ஹாட்டில் சொந்தக்காரர் வீட்டில் தூங்கிவிட்டு, காலையில் நிமாத்தி படகுத்துறை, அங்கிருந்து மாஜுலி, அங்கிருந்து ஆட்டோ, கொஞ்சம் நடை. நான்காயிரம் கிலோமீட்டருக்குப் பிறகும் அவனுக்கு ஒரு நாள் மீதி இருக்கிறது. மீதமிருந்த முந்திரிக்கொத்தை டப்பாவோடு கொடுத்துவிட்டேன். உருகா இரவில் எல்லோருக்கும் பங்கு வைப்பதாகச் சொன்னான்.

திப்ருகரில் இறங்கியபோது பெட்டியில் ஒன்பது பேர் இருந்தோம். கால் தரையில் நின்ற பிறகும் உடம்பு ஆடுவதை நிறுத்தவில்லை.

ஐந்தாம் நாள், காலை

ஆறு மணிக்கே முழு வெளிச்சம். கரையை ஒட்டிய மண் அணை மேல் நடந்தேன். 1950 ஆகஸ்ட் 15இல் வந்த நிலநடுக்கத்தில் ஆற்றின் படுகை மேலே உயர்ந்து, அடுத்த சில வருடங்களில் பழைய திப்ருகரின் பெரும்பகுதியை ஆறு கொண்டுபோய்விட்டது. நான் நிற்கும் இடத்துக்கு எதிரே, தண்ணீரும் மணல்திட்டுமாகத் தெரிகிற வெளியில், ஒரு காலத்தில் தெருக்கள் இருந்திருக்கின்றன.

போகிபீல் பாலத்துக்கு நாளை போக வேண்டும். 4.94 கிலோமீட்டர், 2018இல் திறந்தது, மேலே சாலை, கீழே ரயில்.

ஃபோன் அடித்தது. பையன். பின்னால் என்ஜின் சத்தமும் ஆடு கத்துவதும் கேட்டன. படகு நடு ஆற்றில் இருக்கிறதாம். மேல்தட்டில் மோட்டார் சைக்கிள்கள், கீழே மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவே ஆடுகள்.

“பைதேவ், நீங்க நிற்கிற இடத்துத் தண்ணி எப்ப இங்கே வரும்?”

தெரியவில்லை என்றேன். அவனுக்கும் தெரியவில்லை. கரையில் இறங்கிப் போய்க் கையை நனைத்தேன். ஜனவரித் தண்ணீர், எலும்பு வரை குளிர்ந்தது. “வருது, அனுப்பியிருக்கேன்” என்றேன்.